கற்பூரத்தின் முன்னால் சொன்ன பாத்றூம் கதை

என் வலது உள்ளங்காலில் ஒரு புண் மூன்று வருடம் குடியிருந்தது. ஒரு மாதம் மூடிக்கொண்டு நல்ல பிள்ளைபோல் கிடக்கும். சரி, தொலைந்தது என்று நினைத்துச் செருப்புப் போட்டு நடந்தால், ஒருநாள் காலையில் கட்டிலை விட்டுக் காலை ஊன்றும்போது சுரீர் என்று இழுக்கும். பார்த்தால் மறுபடி நீர் வடிந்திருக்கும். முருகனை நம்பிக் கந்தசஷ்டி பிடிக்கிற உங்களுக்கு முன்னால் இதை எழுதுகிறேன். ஆனால் அந்த மூன்று வருடமும் நான் பக்தியோடும் பொறுமையோடும் இருந்தேன் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். எனக்கு எல்லோர் மேலும் கோபம்தான் இருந்தது. முருகன் மேலும்தான்.

சண்டை நடந்த காலம், தொண்ணூறுகள். என்னை நேசன் என்பார்கள். தையற்காரன். ஊர் தென்மராட்சிப் பக்கம். குண்டுக்குப் பதுங்க எங்கள் வளவில் நானே வெட்டிய பங்கர் ஒன்று இருந்தது. மேலே பனங்குற்றி அடுக்கி, அதற்கு மேல் மண்மூட்டை. இறங்குவதற்கும் பனங்குற்றியைத்தான் படியாகப் போட்டிருந்தேன். ஒரு பின்னேரம் பொம்பர் விமானத்தின் சத்தம் கேட்டு வெறுங்காலோடு ஓடிக் குதித்தேன். வெயிலில் பிளந்திருந்த குற்றியிலிருந்து ஒரு சிலாம்பு உள்ளங்காலில் ஏறியது. பனஞ்சிலாம்பு ஏறியவனுக்குத்தான் அந்த வலி தெரியும். பக்கத்து வீட்டு அண்ணர் பங்கருக்குள்ளேயே டோர்ச் வெளிச்சத்தில் குறட்டால் பிடித்து இழுத்தார். சுண்டுவிரல் நீளத்தில் ஒரு துண்டு வந்தது.

"முழுக்க வந்திட்டுது, பயப்பிடாதை" என்றார். நானும் நம்பினேன்.

ஊரில் மருந்துக்குப் பஞ்சம். புண் ஆறாமல் போகவே, வெள்ளவத்தையில் இருந்த அக்கா என்னைக் கொழும்புக்கு வரச் சொன்னா. அத்தான் ஓர் ஆளிடம் தனியாக ஒரு செய்தி சொல்லி அனுப்பினார். காலுக்கு என்ன நடந்தது என்று யார் கேட்டாலும் பாத்றூமில் வழுக்கி விழுந்து தகர வாளி வெட்டியது என்று சொல்ல வேண்டும். பங்கர் என்ற பேச்சே வாயில் வரக்கூடாது.

அத்தானைக் குறை சொல்ல மாட்டேன். இருபத்தொன்பது வயது ஆண், வடக்கிலிருந்து வந்தவன், காலில் கட்டு. இந்த மூன்றையும் கூட்டினால் அந்த நாளில் என்ன விடை வரும் என்று உங்களுக்கே தெரியும். பனங்குற்றி குத்தினால் என்ன, தகரம் வெட்டினால் என்ன, புண் புண்தானே என்று நானும் நினைத்தேன்.

வவுனியாவில் கொழும்புக்குப் போகப் பாஸ் எடுக்கும்போது முதல் தடவை சொன்னேன். வெள்ளவத்தைப் பொலிஸில் பெயர் பதியப் போனபோது சொன்னேன். வேலை கிடைத்த கொட்டாஞ்சேனைத் தையற்கடை முதலாளியிடம் சொன்னேன். மாடிவீட்டு மாமியிடம் சொன்னேன். எல்லாவற்றிலும் மேலாகச் செக்பொயின்றில் சொன்னேன். வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனைக்குப் போகிறவனுக்குச் செக்பொயின்றுக்கா குறை? பஸ்ஸை விட்டு இறக்கி வரிசையில் விடுவார்கள். அடையாள அட்டையைப் பார்ப்பார்கள். பிறகு கண் கீழே போகும்.

"மொக்கத ககுலட்ட?" காலுக்கு என்ன என்று கேட்பார்கள்.

"பாத்றூம் எக்கே வெட்டுணா, மாத்தயா." பாத்றூமில் விழுந்தேன் ஐயா.

மூன்று வருடம் கொழும்பில் இருந்து நான் பிழையில்லாமல் பேசக் கற்ற ஒரே சிங்கள வசனம் இதுதான். ஒருநாள் ஓர் ஆமிக்காரன் நம்பாமல் கட்டை அவிழ்க்கச் சொன்னான். பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருக்க, நடு வீதியில் ஒற்றைக்காலில் நின்று பஞ்சை உரித்துக் காட்டினேன். பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்து, போ போ என்று கையைக் காட்டினான். திரும்பவும் கட்ட எனக்குப் பஞ்சில்லை. அன்று கடைக்குப் போய், வெட்டி மிஞ்சிய பருத்தித் துணியில் கட்டிக்கொண்டேன்.

வைத்தியம் என்று பார்க்காத இடம் இல்லை. பெரிய ஆஸ்பத்திரிக் கிளினிக்கில் விடியக் காத்திருந்து இலக்கம் எடுப்போம். எனக்குச் சிங்களம் வராது என்று அத்தான் கூட வருவார். டொக்டர் என்னைப் பார்த்துக் கேட்பார், அத்தான் பதில் சொல்வார். என் காலைப் பற்றி இரண்டு பேர் கதைத்து முடிப்பார்கள். நான் மடியில் கிளினிக் அட்டையை வைத்துக்கொண்டு இருப்பேன். எக்ஸ்றே எடுத்தார்கள், ஒன்றும் இல்லை. சீனி வருத்தம் இருக்கிறதா என்று இரத்தம் பார்த்தார்கள், அதுவும் இல்லை. குளிசை தந்தார்கள். குளிசை போடும்வரை புண் அடங்கும், நிறுத்தினால் எழும்பும். கொலன்னாவைப் பக்கம் ஒரு வெதமாத்தயாவிடம், சிங்கள நாட்டுவைத்தியரிடம் போய் எண்ணெயும் பச்சிலையும் வைத்துக் கட்டினேன். அந்த மணத்துக்குப் பஸ்ஸில் எனக்குப் பக்கத்து சீற் மட்டும் காலியாகவே இருக்கும். அந்த ஒன்றுதான் அந்த மருந்தால் கண்ட சுகம்.

வேலையிலும் கஷ்டம். மெசினை இரண்டு காலாலும் மிதித்துப் பழகியவன் நான். இடது காலால் மட்டும் மிதித்தால் தையல் ஒரே சீராக ஓடாது. முதலாளி ஒன்றும் சொல்ல மாட்டார். நான் தைத்த பிளவுசை எடுத்துத் தையலைப் பார்ப்பார், பிறகு என் காலைப் பார்ப்பார், வைத்துவிடுவார். ஏசியிருந்தால் திருப்பி ஏசியிருப்பேன். வீட்டில் அக்கா ஏதாவது கேட்டால் எரிந்து விழுவேன்.

"உனக்குக் காலிலை புண்ணோ, நாக்கிலை புண்ணோ?" என்று அக்கா ஒருநாள் கேட்டா. நான் சோற்றுக் கோப்பையைத் தள்ளிவிட்டு எழும்பிப் போனேன். அன்றைக்கு அக்கா விரும்பிக் கேட்டு வாங்கிய மீனில் வைத்த குழம்பு. அது இப்பவும் மனதில் கிடக்கிறது.

மூன்றாம் வருட ஐப்பசியில் கிளினிக்கில் புது டொக்டர் ஒருவர் இருந்தார். சிங்களப் பெண்மணி, ஐம்பது வயது இருக்கும். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுத்தான் கதைப்பார். காலை அமத்திப் பார்த்தார், அட்டையைப் புரட்டினார், அத்தானுடன் நெடுநேரம் கதைத்தார். வெளியே வந்த அத்தான் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே நின்றார்.

"என்னவாம்?" என்றேன்.

"எலும்பிலை கிருமி பிடிச்சிருக்குமெண்டு சந்தேகமாம். அடுத்த கிளினிக்குக்குள்ளை ஆறாட்டி... முன்பாதத்தை எடுக்க வேண்டி வருமாம்."

"எடுக்கிறதெண்டால்?"

"எடுக்கிறதுதான்ரா" என்றார்.

அடுத்த கிளினிக்குக்கு மூன்று கிழமை இருந்தது. அதற்குள் கந்தசஷ்டி வந்தது. கடைக்குக் கிட்ட, ஜிந்துப்பிட்டி முருகன் கோயில். பிறந்ததிலிருந்து கும்பிட்ட தெய்வம், விடவும் முடியாது. நேர்த்தி வைத்தேன். அதிலும் என் புத்தியைப் பாருங்கள். காவடி எடுக்கிறேன் என்று வைக்கவில்லை, அதற்குக் கால் வேண்டும். கோயிலைச் சுற்றி வீதியில் உருண்டு பிரதட்டை செய்கிறேன் என்று வைத்தேன். நீ காலைத் தராவிட்டாலும் நான் கடனாளி ஆகமாட்டேன் என்கிற கணக்கு. அவ்வளவு நம்பிக்கை எனக்கு.

சஷ்டி முதல்நாள் அர்ச்சனைத் தட்டோடு நின்றேன். குருக்கள் வயதானவர், என் கட்டைக் கண்டவர். பெயர், நட்சத்திரம் கேட்டார். சொன்னேன். கற்பூரத்தைக் கொளுத்திக்கொண்டே கேட்டார்.

"காலுக்கு என்ன தம்பி நடந்தது?"

"பாத்றூமிலை வழுக்கி விழுந்தனான் ஐயா. தகர வாளி வெட்டிப்போட்டுது."

வாய் தானாகவே சொல்லிவிட்டது. அவர் தலையாட்டிவிட்டு, உள்ளே திரும்பித் தீபத்தைக் காட்டினார். "கும்பிடுங்கோ, முருகன் சுகப்படுத்துவார்" என்றார். கற்பூரத்தை ஒற்றிக் கண்ணில் வைத்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

எங்கள் ஊரில் காணித் தகராறில் யாரும் பொய் சொன்னால், கோயிலுக்கு வா, கற்பூரம் கொளுத்திச் சொல் என்பார்கள். கள்ளக் காணி உறுதிப் பத்திரம் முடித்தவன்கூட அந்த இடத்தில் பின்வாங்குவான். நான் எரிகிற கற்பூரத்துக்கு முன்னால், மூலஸ்தானத்துக்கு நேரே நின்று, பொலிஸுக்குச் சொன்ன பொய்யை முருகனுக்கும் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். அதுவும் எந்தக் காலைச் சுகப்படுத்து என்று கேட்டேனோ, அந்தக் காலைப் பற்றியே.

அடுத்த நாள் காய்ச்சல் அடித்தது. கால் வீங்கிப் பூட்ஸ் மாதிரி ஆனது. எனக்குப் பயம். பயத்தைவிடக் கோபம். மூன்று வருடம் ஆமிக்காரனுக்குச் சொன்னேன், ஒன்றும் நடக்கவில்லை. ஒருதரம் உனக்குச் சொன்னேன், உடனே தண்டனையா என்று கட்டிலில் கிடந்து முருகனோடு சண்டை பிடித்தேன். விரதம் இருந்த வாயால் என்னவெல்லாமோ சொன்னேன். இங்கே எழுத முடியாது.

சூரன்போர் அன்று காய்ச்சல் கொஞ்சம் விட்டிருந்தது. அக்கா வேண்டாம் என்று மறிக்க மறிக்கப் போனேன். வெளியே சூரனை இழுத்துக்கொண்டு ஒரே சத்தம், சனம் எல்லாம் அங்கே. உள்ளே ஆள் குறைவு. ஒரு தூணடியில் காலை நீட்டிக்கொண்டு இருந்தேன். சாமிக்கு நேரே கால் நீட்டக்கூடாதுதான். மடக்க முடியவில்லை.

"பார்" என்றேன். "நல்லாப் பார். நான் பாத்றூமிலை விழேல்லை."

மெதுவாக, வாய்விட்டே சொன்னேன். பங்கர் வெட்டியதிலிருந்து தொடங்கினேன். எந்தப் பனையைத் தறித்தோம், குற்றியைச் சீவாமல் விட்டது நான்தான் என்பது, பொம்பர் எந்தப் பக்கத்தால் வந்தது, குதித்தபோது என் தொண்டையில் வந்த சத்தம், எல்லாம். மூன்று வருடத்தில் ஒருதரம்கூட யாருக்கும் சொல்லாதது. சொல்லச் சொல்ல எனக்கே புதிதாக இருந்தது. பாத்றூம் கதையைச் சொல்லிச் சொல்லி, அந்த வழுக்கின நிலமும் நசிந்த வாளியும்தான் எனக்கே நடந்தவை மாதிரி ஆகியிருந்தன. நடந்தது அடியில் போய்க் கிடந்தது. சொல்லும்போது அழுகை வந்தது. விட்டுவிட்டேன்.

அண்ணர் குறட்டால் இழுத்த இடத்துக்கு வந்தேன். டோர்ச் வெளிச்சத்தில் அவர் அந்தத் துண்டைத் தூக்கிக் காட்டினது கண்ணுக்கு முன்னால் அப்படியே வந்தது. ஒரு பக்கம் தடிப்பு. மற்றப் பக்கம் தும்பு தும்பாகப் பிய்ந்து இருந்தது.

அழுகை நின்றது.

முனை எங்கே?

காலில் ஏறின சிலாம்புக்கு முனை இருக்க வேண்டும். அவர் காட்டின துண்டுக்கு முனை இல்லை. நான் தையற்காரன். மெசினில் ஊசி உடைந்தால் கையில் மிச்சம் இருக்கிற பாதியைப் பார்த்து நாங்கள் திருப்திப்படுவதில்லை. உடைந்த முனை கிடைக்கும்வரை துணியைக் கையில் எடுக்க விடமாட்டோம். அது எங்கள் தொழிலில் முதல் பாடம். என் காலுக்குள் உடைந்ததை மட்டும் மூன்று வருடமாகத் தேடவில்லை.

யாரும் என் காதில் வந்து சொல்லவில்லை, வேல் ஒன்றும் மின்னவில்லை. உண்மையைச் சொன்னேன், சொன்ன உண்மைக்குள் பதில் இருந்தது. இதைத்தான் நான் முருகன் தந்தது என்கிறேன். வேறு பெயர் வைக்கிறவர்கள் வைக்கட்டும்.

அத்தானிடம் சொன்னபோது அவர் முகம் வெளிறிப்போனது.

"மூண்டு வருசமா அட்டையிலை எழுதிக் கிடக்கிறதை இப்ப மாத்தினால் என்ன நினைப்பினம்? ஆஸ்பத்திரி வாசலிலேயே பொலிஸ் நிக்குது. ஏதோ மரம் குத்தினது எண்டு சொல்லுவம்."

"அப்ப ஏன் முதல் பொய் சொன்னனீங்கள் எண்டு கேட்டால்?"

அத்தான் கிளினிக் நாள் காலையில்கூட, "நீ ஒண்டும் கதையாதை, நான் பாத்துக் கதைக்கிறன்" என்றார். உள்ளே போனோம். டொக்டர் கண்ணாடியை நெற்றியில் ஏற்றினார். அட்டையைப் பார்த்து ஏதோ கேட்டார். அத்தான் வாயைத் திறந்தார். பாத்றூம் என்ற சொல் என் காதில் விழுந்தது. பாவம், அவருக்கும் வாய் தானாகத்தான் சொல்லியிருக்கும்.

"நே, டொக்டர்" என்றேன். இல்லை என்பதற்குச் சிங்களம் எனக்குத் தெரியும். பொய் என்பதற்குச் சிங்களச் சொல் எனக்குத் தெரியாது. மூன்று வருடம் பொய் சொன்னவனுக்கு அந்தச் சொல் தெரியவில்லை. அத்தான் மேசைக்குக் கீழே என் தொடையைக் கிள்ளினார். நான் மேசையில் கிடந்த வெறும் தாளை இழுத்து, சட்டைப் பையில் இருந்த பென்சிலால் கீறினேன். அளவெடுத்துக் கீறுவது எனக்குக் கை வந்த வேலை. ஒரு குழி. குறுக்கே குற்றிகள். மேலே ஒரு பொம்பர். ஒரு கால். காலுக்குள் ஒரு சிலாம்பு, நடுவில் உடைந்து. ஒரு பாதியை வெளியே கீறி, மற்றப் பாதியைக் காலுக்குள்ளே கறுப்பாக்கினேன்.

அரசாங்க ஆஸ்பத்திரியில், வாசலில் பொலிஸ் நிற்க, நான் பங்கர் கீறிக்கொண்டிருந்தேன். ஆனாலும் கோடு நேராகத்தான் வந்தது.

டொக்டர் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். பிறகு குற்றியில் விரலை வைத்து, "லீ?" என்றார். விறகுக் கடையில் கேட்ட சொல். மரம்.

"ஓம். மரம். லீ, லீ."

அவர் அத்தான் பக்கம் திரும்பிச் சிங்களத்தில் சொன்னார். அத்தான் எனக்குத் தமிழில் சொல்லும்போது அவர் கண் கலங்கியிருந்தது.

"மரம் எக்ஸ்றேயிலை தெரியாதாம். தகரமெண்டால் தெரியுமாம். தகரம் ஒண்டும் இல்லையெண்டு பாத்திட்டு, மூண்டு வருசமா எல்லாரும் வெறும் வெட்டுக்காயத்துக்குத்தான் மருந்து தந்திருக்கினமாம். ஏன் சொல்லேல்லை எண்டு கேக்கிறா."

நான் வாசல் பக்கம் பார்த்தேன். டொக்டரும் நான் பார்த்த பக்கம் பார்த்தார். அதற்கு மேல் அவர் கேட்கவில்லை. அட்டையில் பழைய வரியை வெட்டிவிட்டு, வீட்டில் மரம் குத்தியது என்று எழுதினாராம். பங்கர் என்று எழுதவில்லை. நான் கீறின தாளை எடுத்தார். நாலாக மடித்தார். குப்பைக் கூடை காலடியிலேயே இருந்தது, அதில் போடவில்லை. தன் கைப்பைக்குள் வைத்து ஸிப்பை இழுத்து மூடினார். எனக்கு அந்தச் சத்தம் இப்பவும் கேட்கிறது.

ஸ்கான் எடுத்தார்கள். இருந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை விறைப்பூசி போட்டுக் காலை வெட்டினார்கள். முன்பாதத்தை அல்ல, இரண்டு விரல் அகலத்துக்குத் தோலை மட்டும். தட்டத்தில் ஏதோ விழுந்த சத்தம் கேட்டது. டொக்டர் இடுக்கியால் தூக்கிக் காட்டினார். கறுப்பாய், தலைமயிர்க் கட்டுமாதிரித் தும்போடு, ஒன்றரை அங்குலம். நாடா வைக்காமலே எனக்கு அளவு தெரியும். ஒரு பக்கம் பிய்ந்து கிடந்தது. மறுபக்கம் முனை.

"முருகா" என்றேன். டொக்டர் சிரித்தார். அந்த ஒரு சொல் அவருக்கும் விளங்கியது.

ஐந்து கிழமையில் புண் ஆறியது. ஆறினது ஆறினதுதான். எலும்புக்கு ஒன்றும் ஆகியிருக்கவில்லை. அக்காவுக்கு நானே சந்தைக்குப் போய் மீன் வாங்கிவந்து கொடுத்தேன். மூன்று வருடம் எரிந்து விழுந்ததற்கு அந்த ஒரு மீன் காணாது என்று தெரியும். அவ வாங்கிக் குழம்பு வைத்தா. அத்தான் மட்டும், "கீறத் தெரிஞ்சவனெல்லே, முதலே கீறியிருக்கலாம்" என்று பகிடி விட்டார்.

இதெல்லாம் இத்தனை வருடம் எழுதாமல் இருந்ததற்குக் காரணம் கேட்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். சண்டை முடியும்வரை செக்பொயின்றில் யாராவது என் காலில் உள்ள தழும்பைக் காட்டிக் கேட்டால், நான் பாத்றூம் கதையைத்தான் சொன்னேன். அதற்காக எனக்கு வெட்கம் இல்லை. உயிரைக் காக்கச் சொன்ன பொய் அது. அந்த நாளில் கொழும்பில் இருந்த நம்மில் எத்தனையோ பேரிடம் அப்படி ஒரு கதை இருந்தது. காலைப் பற்றி இல்லாவிட்டால் தம்பியைப் பற்றி, ஊரைப் பற்றி, பெயரைப் பற்றி. சிலரிடம் இன்றும் இருக்கும். சொல்லிச் சொல்லி உங்களுக்கே அது உண்மையாகியிருக்கும். அதனால்தான் எழுதுகிறேன். யாருக்கு மறைத்தாலும் முருகனுக்கு மறைக்காதீர்கள். பூ வேண்டாம், பால் வேண்டாம், நேர்த்தியும் பிறகு பார்க்கலாம். ஒரு தூணடியில் இருந்து நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். கோபமாகச் சொன்னாலும் கேட்பான். என்னுடையதைக் கேட்டான்.

அடுத்த வருடச் சஷ்டியில் நேர்த்தியைத் தீர்த்தேன். வீதியில் உருண்டு முடித்து எழும்பி நின்றேன். நல்ல மத்தியான வெயில். மூன்று வருடமாகக் கட்டோடும் பஞ்சோடும் கோயிலுக்கு வந்தவன், அன்றுதான் அந்தக் கோயில் வீதியில் வலது உள்ளங்காலை வெறுமையாக, முழுதாக நிலத்தில் வைத்தேன். குருக்கள் எட்டிப் பார்த்து, "நிழலுக்கு வாங்கோ தம்பி, நிலம் சுடுமெல்லே" என்றார்.

"சுடுகுது ஐயா, நல்லாச் சுடுகுது" என்று சொல்லிக்கொண்டு நான் அங்கேயே நின்றேன்.